தாத்தாவின் ‘ரயில்வே வாட்ச்’ ரயில்வே கொடுத்ததுதானா? டயலில் இருக்கும் ‘ரோஸ்கோப்’ யார்?

திருச்சி ஜங்ஷனிலிருந்து மதுரை ரோட்டில் கிராப்பட்டியைத் தாண்டினால் எடமலைப்பட்டி புதூர். திண்டுக்கல் பக்கம் போகிற ரயிலின் ஹார்ன் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ரயில்வே வாடை உள்ள குடும்பங்களை இந்தப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அப்படி ஒரு வீட்டில், பீரோ லாக்கரில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பாக்கெட் வாட்சை அண்மையில் கையில் வாங்கிப் பார்த்தேன். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் பேரன், வீட்டிலிருந்தே வேலை செய்ய ஊருக்கு வந்திருந்தபோது கண்ணில் பட்டதாம். அதே மாதிரி ஒன்றை யாரோ ஆன்லைனில் பெரிய விலை போட்டு விற்பதையும் பார்த்திருக்கிறார். “இது ஒரிஜினல்தானா? என்ன விலை போகும்?” என்பது அவர் கேள்வி. பாட்டிக்குக் கேள்வியே இல்லை. “எங்க மாமனாருக்கு ரயில்வேல குடுத்தது தம்பி. வெள்ளைக்காரன் காலத்து வாட்ச். பின்னாடி ரயிலு படம் போட்டிருக்கு பாரு” என்றார்.

ஆமாம், போட்டிருக்கிறது. புகை விடும் நீராவி எஞ்சின் ஒன்று பின்மூடியில் புடைப்பாக இருக்கிறது. முன்பக்கம் வெள்ளை எனாமல் டயல், தலைமுடி போல இரண்டு விரிசல், ரோமன் எண்கள், கீழே நொடி முள்ளுக்கு ஒரு குட்டி வட்டம். 12-க்கு மேலே சாவி கொடுக்கும் குமிழ். டயலின் நடுவில் பிரெஞ்சில் பொடி எழுத்து: ‘சிஸ்டம் ரோஸ்கோப் பேடன்ட்’.

நீங்கள் ஜீன்ஸ் போடுகிறவராக இருந்தால், வலது பாக்கெட்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டிப் பாக்கெட்டில் என்றாவது விரல் விட்டுப் பார்த்திருப்பீர்கள். நாணயத்துக்கும் சரியாக இல்லை, போனுக்கும் பத்தாது. அது இந்த மாதிரி வாட்சுக்காகத் தைக்கப்பட்டதுதான். வாட்ச் போய்விட்டது, பாக்கெட் மட்டும் மிச்சம்.

சரி, இந்த வாட்சை யார் செய்தார்கள்?

பாகம் வாங்கிச் சேர்த்து விற்ற வாட்ச்காரர்

ஜார்ஜ் ஃப்ரெடரிக் ரோஸ்கோப் 1813-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் நீடர்வைலர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 16 வயதில், 1829-ல், சுவிட்சர்லாந்தின் லா ஷோ-டெ-ஃபோன் நகரத்துக்கு வேலைக்கு வந்தார். வாட்ச் பட்டறைக்கு அல்ல, இரும்புச் சாமான்களும் வாட்ச் உதிரிப் பாகங்களும் விற்கும் கடைக்கு.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர் முழுக்க வாட்ச் வேலைதான். ஆனால் பெரிய ஆலை என்று எதுவும் கிடையாது. ஒரு வீட்டில் பல்சக்கரம் வெட்டுவார்கள், இன்னொரு வீட்டில் முள், மூன்றாவது வீட்டில் டயலுக்கு எனாமல். இதையெல்லாம் வாங்கிச் சேர்த்து, கோர்க்கக் கொடுத்து, தன் பெயரில் விற்பவர் ஒருவர் இருப்பார். நம் ஊரில் நூல் கொடுத்துத் துணி நெய்து வாங்குகிற முதலாளி மாதிரி. கார்ல் மார்க்ஸ் தன் ‘மூலதனம்’ நூலில் வேலைப் பிரிவினைக்கு உதாரணமாக இந்த வாட்ச் தொழிலை எடுத்துக்கொண்டு, லா ஷோ-டெ-ஃபோன் ஊரையே ஒரு தொழிற்சாலையாகக் கருதலாம் என்கிறார்.

ரோஸ்கோப் அப்படிச் சேர்த்து விற்பவராக 1835-ல் தொழில் தொடங்கினார். தரமான, விலை கூடிய வாட்சுகள். பெரிய லாபம் இல்லை. இடையில் தொழிலை விற்றுவிட்டு இன்னொரு நிறுவனத்தின் கிளையில் மேலாளராக இருந்தார். பிறகு மகனோடு சேர்ந்து மறுபடி சொந்தத் தொழில். 1860 வாக்கில், வயது 50-ஐ நெருங்கும்போது, அவருக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது: கூலித் தொழிலாளி ஒருவர் வாங்கக்கூடிய வாட்ச். விலை 20 ஃபிராங்க், அதாவது சாதாரணத் தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. விலை குறைவு என்பதற்காக நேரம் தப்பக் கூடாது. அலங்காரம் வேண்டவே வேண்டாம்.

அந்தக் காலத்தில் நல்ல வாட்ச் என்பது பணக்காரர் சட்டையில் சங்கிலியோடு தொங்குகிற நகை. அதனால் இந்த யோசனை ஊரில் எடுபடவில்லை. ‘பாட்டாளி வாட்ச்’ என்ற பெயர் அதற்கு வந்தது. செய்துகொடுக்க வேண்டிய கைவினைஞர்களே தயங்கினார்கள். மூடியில் பூ வேலை இல்லை, உள்ளே மெருகு இல்லை, பாகங்களும் குறைவு என்றால் அவர்களுக்கு என்ன கூலி மிஞ்சும்? அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. ரோஸ்கோப் வேறு ஊர்ப் பட்டறைகளைத் தேடிப் போய்த்தான் செய்து வாங்க வேண்டியிருந்தது.

1867-ல் வாட்ச் விற்பனைக்கு வந்தது. ‘மூலதனம்’ முதல் தொகுதி வெளியானதும் அதே வருடம்தான். அதே வருடம் பாரீஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ரோஸ்கோப்பின் வாட்சுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. கேலி செய்த ஊருக்கு அதைவிட நல்ல பதில் தேவைப்படவில்லை.

57 பாகம் போதும்

அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, சாவி கொடுக்கும் வாட்ச் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கஷ்டமில்லை.

ஒரு டப்பாவுக்குள் சுருட்டி வைத்த எஃகுப் பட்டை இருக்கிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. அப்படியே விட்டால் சில நொடிகளில் விர்ரென்று பிரிந்துவிடும். அதை ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியவிட வேண்டும். டப்பா திரும்பும்போது வரிசையாக நாலைந்து பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. கடைசிச் சக்கரத்தை ஒரு நெம்புகோல் பிடித்துப் பிடித்து விடுகிறது. எப்போது விட வேண்டும் என்று அந்த நெம்புகோலுக்குச் சொல்வது, முடி போன்ற ஸ்பிரிங்கில் இப்படியும் அப்படியும் ஆடுகிற பேலன்ஸ் வீல். ஒவ்வொரு முறை பிடித்து விடும்போதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். வழக்கமான பழைய வாட்சில் நொடிக்கு 5 டிக், மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000.

இந்த ஏற்பாட்டுக்கு அந்தக் காலத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாகங்கள் வேண்டியிருந்தது. ரோஸ்கோப் அதை 57-ஆகக் குறைத்தார்.

முதலில், வாட்சின் நடுவில் நிமிட முள்ளைச் சுமந்து நிற்கும் சக்கரத்தையே எடுத்துவிட்டார். அது போனதும் நடுவில் இடம் காலியானது. அந்த இடம் வரைக்கும் ஸ்பிரிங் டப்பாவைப் பெரிதாக்கினார். முட்களைத் திருப்பும் வேலையையும் அந்த டப்பாவின் தலையிலேயே கட்டினார். பெரிய டப்பாவுக்குள் பெரிய ஸ்பிரிங். அதனால் சக்கரங்கள் கொஞ்சம் முரடாக இருந்தாலும், எண்ணெய் காய்ந்தாலும் வாட்ச் நிற்காமல் ஓடும்.

அடுத்தது நெம்புகோல். நல்ல வாட்சில் அதன் இரு நுனியிலும் மாணிக்கக் கல் பதித்திருப்பார்கள். தேயாது, வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கல்லைச் சீவி, சரியான கோணத்தில் பதிப்பது நிபுணர் வேலை, செலவும் அதிகம். ரோஸ்கோப் அந்த இடத்தில் இரண்டு எஃகு ஊசிகளை நட்டார். அந்த யோசனை அவர் கண்டுபிடித்தது அல்ல, முன்பே இருந்ததுதான். விலை குறைந்த வாட்சுக்குள் அதைக் கொண்டுவந்து ஒழுங்காக ஓட வைத்ததுதான் அவர் செய்தது.

சிக்கனம் எங்கே வரை போனது என்றால், ஆரம்ப கால ரோஸ்கோப் வாட்சில் நேரத்தைத் திருத்த தனி ஏற்பாடே கிடையாது. முன்மூடியைத் திறந்து, முள்ளை விரலால் தள்ளி வைக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குச் செய்வது போல.

இந்த டிசைனுக்குக் கொடுத்த விலை என்ன? எஃகு ஊசி எஃகுப் பல்லோடு வருடக்கணக்கில் உரசினால் தேயும். தேய்ந்தால் நேரம் தடுமாறும். டிக் சத்தமும் பலம். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியதில்லை, தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் கெடும். எடமலைப்பட்டி புதூர் பாட்டிக்கும் அந்தச் சத்தம் நன்றாக நினைவிருக்கிறது. “ராத்திரி ஆணி அடிக்கிற மாதிரி கேக்கும்” என்றார்.

பெயர் மட்டும் எப்படி எல்லா டயலிலும் வந்தது?

விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ரோஸ்கோப் பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற வெளிநாடுகளில் காப்புரிமை வாங்கினார். ஆனால் சொந்த நாடான சுவிட்சர்லாந்தில் வாங்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே அப்போது காப்புரிமைச் சட்டமே கிடையாது. அது வந்தது 1888-ல். அடுத்த வருடம், 1889-ல், ரோஸ்கோப் காலமானார்.

இடைப்பட்ட 20 வருடத்தில் ஆளாளுக்கு நகல் எடுத்துவிட்டார்கள். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. டயலில் ‘சிஸ்டம் ரோஸ்கோப்’, அதாவது ‘ரோஸ்கோப் முறையில் செய்தது’ என்று போட்டுக்கொண்டால் போதும். எழுத்துப் பிழையோடும் பல பெயர்கள் வந்தன. அவர் 1873-லேயே தொழிலை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார். மகன் தனியாக ரோஸ்கோப் பெயரில் வாட்ச் செய்தார். பேரனும் செய்தார். ஸ்பானிய மொழிச் சந்தைக்குப் போன சில வாட்சுகளில் ‘ரோஸ்கோப் நியெத்தோ’ என்றே இருக்கும். நியெத்தோ என்றால் பேரன்.

ஆக, ‘ரோஸ்கோப்’ என்பது காலப்போக்கில் ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல் ஒரு வகையின் பெயராகிவிட்டது. நாம் எந்த நகல் இயந்திரத்தையும் ‘ஜெராக்ஸ்’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. உங்கள் வீட்டு வாட்சில் அந்தப் பெயர் இருந்தால், அந்த மனிதர் அதைத் தொட்டார் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவர் இறந்து பல வருடம் கழித்து, பெயர் தெரியாத சுவிஸ் பட்டறை ஒன்று செய்ததாக இருக்கும்.

இந்தியாவுக்கு வந்த வாட்சுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. பல நேரம் டயலில் இருப்பது விற்ற கடையின் பெயர். பம்பாயில் 1886-ல் தொடங்கிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி சுவிஸ்காரர்கள் நடத்தியது. பெயரில் மட்டும்தான் லண்டன். வாட்சுகள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன, சிலவற்றின் உள்ளே லாஞ்சின் இயந்திரம் இருக்கும். சென்னை அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு நிற்கிறதே பி. ஆர் அண்ட் சன்ஸ், 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் ஆர் தொடங்கியது, அவர்களும் தருவித்த வாட்சுகளில் தங்கள் பெயரைப் போட்டு விற்றவர்கள்தான். டயலை மட்டும் பார்த்து ‘இது இன்னார் செய்த வாட்ச்’ என்று சொல்ல முடியாது. மூடியைத் திறக்க வேண்டும்.

ரயில் படம் போட்டால் ரயில்வே வாட்சா?

பாட்டி சொன்னதற்கு வருவோம். ரயில்வே கொடுத்ததா?

ரயில்வேக்கும் வாட்சுக்கும் உள்ள உறவு உயிர் சம்பந்தப்பட்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில். ஒன்று எந்த ஸ்டேஷனில் எத்தனை மணி வரை காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு காலத்தில் தீர்மானித்தது ஊழியர் சட்டைப்பையில் இருந்த வாட்ச். 1891 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு டிரைவரின் வாட்ச் 4 நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடத் தொடங்கியிருந்தது என்பதுதான் பின்னர் சொல்லப்பட்ட காரணம். அதற்குப் பிறகு வெப் பால் என்ற வாட்ச் வியாபாரியை வைத்து அங்கே கறாரான விதிகள் வகுத்தார்கள். குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் வைத்துச் சோதித்தது, வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் தப்பக் கூடாது, தெளிவான எண்கள், முள்ளைத் தற்செயலாகத் திருப்பிவிட முடியாத ஏற்பாடு. உண்மையான ‘ரயில்வே வாட்ச்’ என்றால் இதுதான். எஃகு ஊசி வைத்த ரோஸ்கோப் இந்தப் பரீட்சைக்குப் பக்கத்தில்கூட வராது.

நம் ரயில்வேயின் பொது விதிகளிலும் வாட்ச் இருக்கிறது. கார்டு பணிக்கு வரும்போது கையில் இருக்க வேண்டிய சாமான்களில் அதுவும் ஒன்று. புறப்படும் முன் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத் தன் வாட்சைச் சரிசெய்து, அந்த நேரத்தை டிரைவருக்கும் சொல்ல வேண்டும். முக்கிய ஸ்டேஷன்களுக்குத் தினமும் மாலை 4 மணிக்கு அதிகாரபூர்வ நேரம் அனுப்பப்பட வேண்டும் என்பதும் விதி.

அந்த ‘அதிகாரபூர்வ நேரம்’ எது என்பதிலேயே ஒரு கதை உண்டு. 1906-க்கு முன்னால் இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தின் கணக்கு அது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். இன்றைய இந்திய நேரத்தை விட 8 நிமிடம் 46 நொடி பின்னால். திருச்சிக்குச் சூரியன் சொல்லும் நேரம் இன்னும் ஆறு நிமிடத்துக்கு மேல் பிந்தியது. அதாவது ஊர் நேரம் ஒன்று, ஸ்டேஷன் நேரம் ஒன்று. ஊர் நேரத்தை நம்பிப் போனவர் ரயிலைத் தவறவிட்டிருப்பார்.

நம் வாட்ச் அவ்வளவு பழையது இல்லை. பாட்டியின் மாமனார் வேலைக்குச் சேர்ந்தது 1930-களில். அப்போது தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமே திருச்சிதான். நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது அது. ரயில் பட்டறையும் 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு வந்துவிட்டது. அவருடைய பழைய சர்வீஸ் பேப்பர் ஒன்று அதே லாக்கரில் கிடைத்தது. அதில் வேலை: ஃபிட்டர், பொன்மலை ஒர்க்‌ஷாப்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ரயில்வே வாட்ச் கொடுப்பது ரயிலை ஓட்டுகிறவர்களுக்கு, கார்டுகளுக்கு, ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. பட்டறையில் இருக்கும் ஃபிட்டருக்கு அது தேவையில்லை. அவருக்கு நேரம் சொல்லச் சங்கு இருக்கிறது. ரயில்வே கொடுத்த வாட்ச் என்றால் மூடியில் கம்பெனியின் எழுத்துகளும் ஓர் எண்ணும் வெட்டியிருப்பது வழக்கம், ஏனென்றால் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய அரசாங்கச் சொத்து. இந்த வாட்சில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. எஞ்சின் படம் அச்சில் அடித்தது. ரயில் என்றால் நேரம் தவறாமை என்று ஜனங்கள் நம்பிய காலத்தில், விலை குறைந்த வாட்சுகளுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. எஞ்சின் படம் போட்ட ரோஸ்கோப்புகள் உலகம் முழுக்க விற்றன.

பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று பேரன் தயங்கினார். நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப அது அவரு சொந்தக் காசுல வாங்குனதா?”

“அப்படித்தான் தெரியுதும்மா.”

“அதான் யாரையும் தொட விடமாட்டாரு. பொன்மலை சங்கு ஊதுனா எடுத்துப் பாத்து, முள்ளத் திருப்பி வெப்பாரு. நான் என்னமோ ஆபீஸ் சாமான்னு நெனச்சேன்.”

மூடியைத் திறந்தால்

பெரிய கடைவீதிப் பக்கம் இன்னும் சாவி கொடுக்கும் வாட்ச் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பினார். உள்ளே இன்னொரு மூடி. அதையும் திறந்ததும், “பாருங்க, டப்பா நடு சென்டர் வரைக்கும் வந்திருக்கு. ரோஸ்கோப்தான். டயல் பொய் சொல்லல” என்றார். இயந்திரத்தில் பட்டறைப் பெயர் எதுவும் இல்லை. சுவிஸ் தயாரிப்பு என்ற முத்திரை மட்டும் ஒரு ஓரத்தில். மூடி வெள்ளி இல்லை, நிக்கல் கலவை. இந்த வகைக்கு அதுதான் வழக்கம்.

ஊசிகள் தேய்ந்திருந்தன. மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஆனால் பெரிய சிக்கல் வேறு. சக்கரங்களுக்கு நடுவில் பழுப்பாக, கோந்து மாதிரி ஒரு படலம். “தேங்காய் எண்ணெய். வீட்டுல யாராவது வாட்ச் நின்னுடுச்சுன்னா ஒரு சொட்டு விட்டுடுவாங்க. ரெண்டு நாள் ஓடும். அப்புறம் இப்படித்தான்” என்றார். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம் என்கிறார். வாட்சுக்கான எண்ணெய், அதுவும் ஊசி முனையில் எடுத்து வைக்கும் அளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், முதலில் ஓட வைத்துப் பார்க்க அவசரப்படாதீர்கள். வருடக்கணக்கில் நின்ற வாட்சை அழுக்கோடு ஓடவிட்டால் உள்ளே அரைத்துக்கொள்ளும். அதிகமாகச் சாவி கொடுத்ததால் கெட்டுவிட்டது என்று பல வீடுகளில் சொல்வார்கள். முழுதாகச் சாவி கொடுத்த வாட்ச் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அழுக்கும் காய்ந்த எண்ணெயும்தான் காரணம். எண்களிலோ முட்களிலோ பச்சை, பழுப்பு நிறத்தில் தடித்த பூச்சு இருந்தால் அதைச் சுரண்டவே கூடாது. இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்தில் பூசியது ரேடியம். ஒளி செத்திருக்கும், கதிரியக்கம் சாகாது. மூடியைத் திறக்காமல் வைத்திருக்கும் வரை பெரிதாகப் பயப்பட வேண்டாம், தூளாக்கி மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து.

டயலைப் புதிதாகப் பெயிண்ட் அடித்து ‘பளிச்’ என்று ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பேரன் ஆன்லைனில் பார்த்த வாட்சே அப்படிப்பட்டதுதான் என்று படத்தைப் பார்த்ததும் பெரியவர் சொல்லிவிட்டார். நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாகக் கோர்த்து, புது டயலில் ‘ரயில்வே’ என்று எழுதி, பழசு என்று விற்பது இங்கே தனித் தொழிலாகவே நடக்கிறது. நூறு வருடப் பழைய டயலில் எழுத்து நேற்று அச்சடித்தது போல இருந்தால், நேற்று அச்சடித்ததுதான்.

விலை? கேட்டே விட்டார் பேரன். பெரியவர் சிரித்தார். இந்த வகை வாட்சுகள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை, அரிய பொருள் அல்ல. வெள்ளியும் இல்லை. சேகரிப்பவர்கள் தேடுவது ரோஸ்கோப்பின் ஆரம்ப கால வாட்சுகளைத்தான். 2009-ல் காந்தியின் ஜெனித் பாக்கெட் வாட்ச், கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் எல்லாம் சேர்ந்து நியூயார்க் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது. விஜய் மல்லையா எடுத்தார். அந்த விலை வாட்சுக்கானது இல்லை, வைத்திருந்தவருக்கானது. காந்தி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்ததாக நாம் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் இன்னொரு வாட்ச், இங்கர்சால். அமெரிக்காவில் 1896-லிருந்து ஒரு டாலருக்கு விற்ற மலிவு வாட்ச் கம்பெனி அது. அதன் நெம்புகோலிலும் கல் கிடையாது, எஃகு ஊசிதான். எடமலைப்பட்டி புதூர் வாட்சுக்கு ஒருவிதத்தில் பங்காளி முறை.

‘எல்லாருக்கும் ஒரு வாட்ச்’ என்ற யோசனை பிற்பாடு இந்தியாவிலும் தொழிற்சாலையாக வந்தது. 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு எச்எம்டி தொடங்கிய வாட்ச் பிரிவு, தன் புகழ்பெற்ற மாடல் ஒன்றுக்கு வைத்த பெயர் ‘ஜனதா’. ஆனால் அது ரோஸ்கோப் வழியில் போகவில்லை. 17 கல் வைத்த முழுமையான இயந்திரம் அது. அதனால்தான் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. அதற்கு வெகு முன்பே குவார்ட்ஸ் வந்து, ஓசூரில் டைட்டன் வந்து, சாவி கொடுக்கும் பழக்கமே போய்விட்டது. எஃகு ஊசி வாட்சுகளும் அதோடு முடிந்தன.

வாட்ச் மூன்று வாரம் கழித்து வந்தது. ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது. ஊசிகளைக் கொஞ்சம் திருப்பி நட்டிருக்கிறார், தேயாத பக்கம் முன்னால் வரும்படி. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. அதற்கு மேல் இதை வற்புறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு நாளில் 1,440 நிமிடம் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தால், எண்பது வயது கூலிக்கார வாட்சுக்கு நாலு நிமிடம் பெரிய குற்றம் இல்லை.

விற்கவில்லை. பேரன் ஊரில் இருக்கும் நாட்களில் அது அவர் ஜீன்ஸின் குட்டிப் பாக்கெட்டில் இருக்கிறது. மற்ற நாட்களில் பாட்டியிடம். சாயங்காலம் நாலு மணிக்கு அலாரம் வைத்த போன் அடிக்கும். சாவி கொடுத்து, முள்ளை நாலு நிமிடம் முன்னால் தள்ளி வைக்கிறார்.